4 போட்டிச் சீட்டில் 1842.75 எப்படி வந்தது? ஒரு போட்டி ரத்தானதும் 567 ஆனது ஏன்?

கூட்டல்கழித்தல் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. நான் பந்தயம் கட்டுகிற ஆள் இல்லை. கட்டுவது என் நண்பன். கணக்குப் பார்க்கிற வேலை மட்டும் எப்படியோ என் தலையில் வந்து விழுகிறது. அவனுடைய சீட்டுகளைச் சரிபார்க்க ஒரு எக்செல் ஷீட் போடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் சீட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

சீட்டு இதுதான். நான்கு கால்பந்துப் போட்டிகள், நான்கும் ஜெயித்தால்தான் காசு. கட்டியது 100. ஆட்ஸ், அதாவது ஜெயித்தால் கட்டிய ஒவ்வொரு 1-க்கும் திரும்ப வரும் தொகை, வரிசையாக 1.80, 2.10, 3.25, 1.50. கீழே பெரிய எழுத்தில் "கிடைக்கக்கூடிய தொகை 1842.75" என்று போட்டிருந்தது.

நான் போட்ட கணக்கு: முதல் போட்டியில் லாபம் 80, இரண்டாவதில் 110, மூன்றாவதில் 225, நான்காவதில் 50. மொத்தம் 465. கட்டிய 100-ஐச் சேர்த்தால் 565. 1842.75 எங்கே, 565 எங்கே!

கதை இதோடு முடியவில்லை. 3.25 ஆட்ஸ் இருந்த மூன்றாவது போட்டி மழையால் பாதியில் நின்று ரத்தாகிவிட்டது. மற்ற மூன்றும் ஜெயித்தன. அவன் கணக்கில் வந்து சேர்ந்தது 567. என் 565-க்கும் அதற்கும் 2 தான் வித்தியாசம். அப்படியானால் என் கணக்குதான் சரியா? 1842.75 என்பது சும்மா ஆசை காட்டப் போட்ட எண்ணா? அந்த 2 எதற்கு, ஏதாவது போனஸா?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அவன் வைத்திருக்கிற வேறு இரண்டு ஆப்களில் ஆட்ஸ் வேறு மாதிரி வருகிறது. ஒன்றில் 4/5, 9/4 என்று பின்னமாக. மற்றொன்றில் −125, +225 என்று. எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் உண்டா?

---

ஒருவரி:

கூட்டாதீர்கள், பெருக்குங்கள். ரத்தான போட்டிக்கு 1.00 என்று போடுங்கள். 100 × 1.80 × 2.10 × 1.00 × 1.50 = 567. முடிந்தது.

---

சீட்டுக்கணக்கு:

ஒருவரி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ஷீட் போட உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இது போதாது. நான் ஒரு புக்கி நிறுவனத்தில் செட்டில்மென்ட் மேசையில் இருந்தவன். ஆட்டம் முடிந்தபின் சீட்டுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்குத் தீர்க்கிற வேலை. உங்கள் 565-ஐப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது, தப்பாக நினைக்காதீர்கள். அது 567-க்குப் பக்கத்தில் வந்தது வெறும் தற்செயல். ரத்தானது 3.25 போட்டியாக இல்லாமல் 1.50 போட்டியாக இருந்திருந்தால் 1228.50 வந்திருக்கும். அப்போது இந்தக் குழப்பமே உங்களுக்கு வந்திருக்காது.

முதலில் அந்த 100 எப்படி நகர்கிறது என்று பாருங்கள். முதல் போட்டி ஜெயித்ததும் அது 180 ஆகிறது. இந்த 180 கைக்கு வருவதில்லை, அப்படியே அடுத்த போட்டிக்குப் பந்தயமாகப் போகிறது. 180 × 2.10 = 378. இந்த 378 மூன்றாவது போட்டியில் இறங்கி 1228.50 ஆகிறது. அதுவும் நான்காவதில் இறங்கி 1842.75. ஆகவே 1842.75 ஆசை காட்டப் போட்ட எண் இல்லை. நான்கும் ஜெயித்திருந்தால் கடைசிக் காசு வரை கொடுத்திருப்பார்கள்.

நீங்கள் கூட்டியது எந்தப் பந்தயத்துக்கும் பொருந்தாது. லாபத்தைத் தனித்தனியாகக் கூட்ட வேண்டுமென்றால் நான்கு போட்டிகளிலும் தனித்தனியாக 100 கட்டியிருக்க வேண்டும். அதாவது கையிலிருந்து போடும் முதல் 400. அதற்குத் திரும்ப வருவது 865. நீங்கள் லாபத்தை நான்கு பந்தயத்திலிருந்தும் முதலை ஒரே பந்தயத்திலிருந்தும் எடுத்துக் கலந்துவிட்டீர்கள்.

ஷீட்டில் முதல் காரியமாக ஒன்று செய்யுங்கள். "திரும்ப வரும் தொகை" என்று ஒரு பத்தி, "லாபம்" என்று பக்கத்தில் இன்னொரு பத்தி. ஆப்கள் எல்லாம் முதல் பத்தியைத்தான் கொட்டை எழுத்தில் காட்டும், ஏனென்றால் அதுதான் பெரிய எண். 1.20 ஆட்ஸில் 100 கட்டினால் 120 என்று காட்டும்போது ஏதோ 120 கிடைக்கப்போவது போல இருக்கும். கிடைப்பது 20. அந்த 20-க்காக 100-ஐ வைக்கிறோம்.

அப்புறம் ஆட்ஸ் வகைகள். பின்னமாக வந்தால், பின்னம் என்பது லாபம் மட்டும். 9/4 என்றால் 4 வைத்தால் 9 லாபம். வகுத்து 1 கூட்டினால் 3.25. 4/5 என்றால் 0.80 + 1 = 1.80. அமெரிக்க முறையில் கூட்டல் குறி இருந்தால் 100 வைத்தால் எவ்வளவு லாபம் என்று அர்த்தம். +225-ஐ 100-ஆல் வகுத்து 1 கூட்டுங்கள், 3.25. கழித்தல் குறி இருந்தால் 100 லாபம் பார்க்க எவ்வளவு வைக்க வேண்டும் என்று அர்த்தம். −125 என்றால் 100 ÷ 125 + 1 = 1.80. உங்கள் சீட்டின் 2.10 அந்த ஆப்பில் +110 என்றும், 1.50 என்பது −200 என்றும் வரும். எது வந்தாலும் முதலில் டெசிமலுக்கு (1.80, 3.25 மாதிரி) மாற்றிவிட்டு அதற்கப்புறம் பெருக்குங்கள். பின்னத்தைப் பின்னத்தோடு நேரடியாகப் பெருக்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் முதல் விட்டுப்போகும்.

பெருக்கலின் வேகம் தெரிய வேண்டுமென்றால் 1996 செப்டம்பர் 28-ஐப் பாருங்கள். இங்கிலாந்தின் ஆஸ்கட் மைதானத்தில் அன்று ஃபிராங்கி டெட்டோரி என்ற ஜாக்கி நடந்த 7 குதிரைப் பந்தயங்களையும் ஜெயித்தார். ஓட்டம் தொடங்கியபோது இருந்த ஆட்ஸ் வரிசையாக 2/1, 12/1, 100/30, 7/1, 7/4, 5/4, 2/1. ஒவ்வொன்றிலும் 1 கூட்டிப் பெருக்கினால், வைத்த 1 இப்படி ஏறுகிறது: 3, 39, 169, 1352, 3718, 8365.50, கடைசியில் 25,096.50. ஏழு ஆட்ஸில் இரண்டு 3-க்கும் கீழே, இரண்டு சரியாக 3. அப்படியும் 25 ஆயிரம்!

அந்த நாளில் எனக்குப் பிடித்த விஷயம் கடைசி ஓட்டம்தான். ஃபுஜியாமா கிரெஸ்ட் என்ற அந்தக் குதிரை காலையில் 12/1. ஆறு பந்தயத்திலும் டெட்டோரி ஜெயித்துவிட்டதால் அத்தனை சீட்டுகளின் காசும் உருண்டு இதன் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. புக்கிகள் பயந்துபோய் ஆட்ஸைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், ஓடும்போது அது 2/1. காலையிலேயே விலையைப் பிடித்து வைத்தவர்களுக்கு அந்தக் கட்டத்தில் பெருக்கல் 13, "ஓட்டம் தொடங்கும்போது என்ன விலையோ அது" என்று விட்டவர்களுக்கு 3. மற்ற ஆறும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் 25,096.50 எங்கே, 1,08,751.50 எங்கே. ஆகவே ஷீட்டில் "எந்த நேரத்து விலை" என்றும் ஒரு பத்தி வையுங்கள். இருவர் ஒரே குதிரைக்குக் கட்டி வேறு வேறு தொகை வாங்கினால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

---

நடுநிலை:

கணக்கு சொல்லிக்கொடுப்பது நல்லது. ஆனால் 25 ஆயிரம் மடங்கு கதையெல்லாம் சொன்னால் படிக்கிற பிள்ளைகள் ஏழு போட்டிச் சீட்டு போட ஓடமாட்டார்களா? அது நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

---

சீட்டுக்கணக்கு:

நியாயமான கேள்வி. அடுத்து அதைத்தான் எழுத இருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

ஆட்ஸைத் தலைகீழாக்கினால் வாய்ப்பு வரும். 1-ஐ 1.80-ஆல் வகுத்தால் 55.6 சதவீதம். உங்கள் நண்பரின் சீட்டு 18.4275, தலைகீழாக்கினால் 5.43 சதவீதம். நூற்றில் ஐந்து தடவை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது புக்கி விற்கிற விலை. அதற்குள் அவருடைய பங்கும் இருக்கிறது.

எப்படி என்று பாருங்கள். சரிக்குச் சமமான இரண்டு பேர் மோதுகிறார்கள், சமனே கிடையாத ஆட்டம். நேர்மையான விலை ஆளுக்கு 2.00. புக்கி இரண்டு பக்கமும் 1.91 தருவார். தலைகீழாக்கினால் 52.36, 52.36. கூட்டினால் 104.7. நூறுக்கு மேல் இருக்கிற அந்த 4.7 தான் கடை நடத்துகிற காசு. அமெரிக்க ஆப்களில் இதையே −110 என்று பார்க்கலாம். அந்த விலையில் கட்டுகிறவர் கையைக் கடிக்காமல் தப்பிக்கவே 52.38 சதவீதம் ஜெயிக்க வேண்டும்.

இப்போது 100 கட்டுகிறவருக்குச் சராசரியாகத் திரும்புவது 1.91 × 50 = 95.50. ஒரு பந்தயத்துக்கு 4.50 போகிறது, பெரிய விஷயமில்லை. ஆனால் சீட்டில் போட்டிகளைச் சேர்க்கச் சேர்க்க இதுவும் பெருகும். நான்கு போட்டி என்றால் 0.955-ஐ நான்கு தடவை பெருக்க வேண்டும், சராசரியாகத் திரும்புவது 83.18. பத்துப் போட்டி என்றால் 63.10. அதாவது பத்துப் போட்டிச் சீட்டில் 100 கட்டுகிறவர் ஓட்டம் தொடங்கும் முன்பே சுமார் 37-ஐக் கடைக்குக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்கிறார். பெரிய எழுத்தில் இதை எந்த ஆப்பும் காட்டாது. மல்ட்டி (பல போட்டிகளைச் சேர்த்த சீட்டு) போட்டால் போனஸ், கூடுதல் போட்டிக்குக் கூடுதல் சதவீதம் என்றெல்லாம் கூப்பிடுவது ஏன் என்று இதிலேயே தெரியும். போனஸ் கொடுத்தாலும் மிச்சம் இருக்கிறது.

ஆகவே ஷீட்டில் நான்காவது பத்தி, "சராசரி". அதற்கு எல்லாப் பக்கத்து ஆட்ஸும் வேண்டும். கால்பந்தில் ஜெயம், சமன், தோல்வி மூன்றும். உதாரணத்துக்கு 2.10, 3.40, 3.60 என்று இருந்தால் 47.62 + 29.41 + 27.78 = 104.81. நீங்கள் எடுத்த பக்கத்தின் சதவீதத்தை இந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் புக்கியின் பங்கு போன உண்மையான வாய்ப்பு ஓரளவு தெரியும். ஓரளவுதான். பங்கை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பூசமாட்டார்கள், ஜெயிக்க வாய்ப்பே இல்லாத பக்கத்தில் கொஞ்சம் தடிமனாகவே இருக்கும்.

---

குதிரைவாலி:

குதிரை என்று பேச்சு வந்துவிட்டதால் நானும் நுழைகிறேன். கால்பந்துச் சூத்திரத்தை அப்படியே குதிரைக்குப் போட்டால் ஷீட் தப்பாகும். இரண்டு இடத்தில் கவனம்.

ஒன்று, ஈச்-வே. இது ஒரு பந்தயம் இல்லை, இரண்டு. பாதி "முதலில் வரும்" என்பதற்கு, பாதி "முதல் சில இடங்களுக்குள் வரும்" என்பதற்கு. 10 ஈச்-வே என்றால் கையிலிருந்து போவது 20. ஆட்ஸ் 12/1, இடத்துக்குக் கால்பங்கு விலை என்று வையுங்கள். முதலில் வந்தால் ஒரு பாதிக்கு 130, இடத்துப் பாதிக்கு 3/1 கணக்கில் 40, மொத்தம் 170. இரண்டாவது வந்தால் முதல் பாதி போச்சு, 40 மட்டும் வரும். 20 போட்டு 40, பரவாயில்லை. அதே ஆட்டத்தை 3/1 குதிரையில், ஐந்தில் ஒரு பங்கு விலையில் ஆடுங்கள். இடம் பிடித்தால் இடத்துக்கு 3/5, அதாவது 1.60. வருவது 16. "உங்கள் சீட்டு ஜெயித்தது" என்று பச்சை நிறத்தில் செய்தி வரும், கையிலோ 4 குறையும். நிறைய பேர் இதைக் கவனிப்பதே இல்லை.

இரண்டு, டெட் ஹீட். இரண்டு குதிரைகள் ஒன்றாக வந்து பிரிக்க முடியாமல் போனால் ஆட்ஸைப் பாதியாக்கமாட்டார்கள், கட்டிய காசைப் பாதியாக்குவார்கள். 10 கட்டியிருந்தால் 5 தோற்றது, 5 முழு ஆட்ஸில் ஜெயித்தது. 6.00 ஆட்ஸ் என்றால் 30 வரும். 1.80 ஆட்ஸ் என்றால் 9 தான், ஜெயித்தும் நஷ்டம். கோல்ஃபில் முதல் ஐந்து, முதல் பத்து இடம் என்று கட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அங்கே மூன்று பேர், நான்கு பேர் ஒரே இடத்தைப் பங்குபோடுவது சகஜம்.

டோட் என்கிற பொதுக் குளத்தில் கட்டுவதாக இருந்தால் முன்கூட்டிக் கணக்கே போட முடியாது. 1867-ல் பாரிஸில் ஜோசஃப் ஓலர் தொடங்கிய முறை இது. எல்லோரும் கட்டியதை ஒன்றாகச் சேர்த்து, நடத்துகிறவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக்கொடுப்பார். குளத்தில் 10,000, நடத்துகிறவர் எடுப்பது 15 சதவீதம், ஜெயித்த குதிரைமேல் இருந்தது 1,000 என்றால் 8,500 ÷ 1,000, ஒன்றுக்கு 8.50. கதவு மூடும் வரை எண் ஆடிக்கொண்டே இருக்கும். திரையில் தெரிவது அந்த நிமிடத்து நிலவரம் மட்டும்.

இந்த இரண்டு முறைக்கும் இடைவெளி எவ்வளவு இருக்க முடியும் என்பதற்கு 1967 கிராண்ட் நேஷனல் என்ற தடை தாண்டும் குதிரைப் பந்தயம் ஒன்று போதும். 23-ஆவது தடுப்பில் குதிரைகள் ஒன்றோடொன்று மோதிக் குவிந்து நிற்க, பின்னால் வந்த ஃபோய்னாவன் இடைவெளியில் புகுந்து தாண்டிப் போய் ஜெயித்தது. புக்கியிடம் 100/1. டோட்டில் 444/1. அதன்மேல் நம்பி கட்டினவர்கள் அவ்வளவு குறைவு.

---

கூட்டல்கழித்தல்:

எல்லோருக்கும் நன்றி. சீட்டுக்கணக்கு அண்ணா, அந்த நான்கு படிக் கணக்கைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஷீட்டில் நான்கு பத்தியும் போட்டுவிட்டேன்.

இப்போது அடுத்த சீட்டு. அதே நான்கு போட்டி, அதே ஆட்ஸ். ஆனால் "யாங்கி" என்று போட்டிருக்கிறது. 10 என்று கட்டியவனுக்கு 110 பிடித்திருக்கிறார்கள். மூன்றாவது போட்டி ரத்தானதில் 360 வந்திருக்கிறது. இதற்கு என்ன சூத்திரம்? அப்புறம், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே "இப்போதே எடுத்துக்கொள்" என்று ஒரு தொகை காட்டுகிறதே, அது எப்படி வருகிறது?

---

சீட்டுக்கணக்கு:

யாங்கி என்பது நான்கு போட்டிகளை வைத்து 11 பந்தயம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 6, மும்மூன்றாக 4, நான்கும் சேர்ந்து 1. ஒவ்வொன்றுக்கும் 10, அதனால் 110. சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

பதினொன்றையும் தனித்தனியாகப் போட வேண்டாம். மேசையில் நாங்கள் போடும் குறுக்குவழி இது. ஒவ்வொரு டெசிமல் ஆட்ஸோடும் 1 கூட்டி எல்லாவற்றையும் பெருக்குங்கள். அதிலிருந்து 1-ஐக் கழியுங்கள். அப்புறம் தனிப் போட்டிகளின் ஆட்ஸ் மொத்தத்தைக் கழியுங்கள், ஏனென்றால் யாங்கியில் தனிப் பந்தயம் கிடையாது. மிச்சத்தை 10-ஆல் பெருக்குங்கள்.

ரத்தான போட்டிக்கு 1.00. ஆக 2.80 × 3.10 × 2.00 × 2.50 = 43.40. ஒன்று போனால் 42.40. தனி ஆட்ஸ் 1.80 + 2.10 + 1.00 + 1.50 = 6.40 போனால் 36. பத்தால் பெருக்கினால் 360. அவர்கள் கொடுத்தது சரி.

அதே போட்டி ரத்தாகாமல் தோற்றிருந்தால் 1.00-க்குப் பதில் 0 போட வேண்டும். 2.80 × 3.10 × 1 × 2.50 = 21.70, அதில் 1-ம் 5.40-ம் போக 15.30, அதாவது 153. நான்கும் ஜெயித்திருந்தால் 825.75. முதல் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் ஒன்று தோற்றால் முழுதும் போச்சு, இதில் ஒன்று தோற்றும் 43 லாபம். ஆனால் கட்டியதும் 110. "யாங்கி பாதுகாப்பு" என்று சொல்கிறவர்கள் இந்த 110-ஐச் சொல்ல மறந்துவிடுவார்கள். இரண்டு போட்டி மட்டும், அதுவும் 1.80-ம் 1.50-ம் ஜெயித்தால் வருவது 27.

தனிப் பந்தயங்களையும் சேர்த்தால் அதற்கு லக்கி 15 என்று பெயர். அப்போது கடைசிக் கழித்தல் வேண்டாம். ஐந்து போட்டிக்கு 26 பந்தயம், ஆறுக்கு 57, ஏழுக்கு 120, எட்டுக்கு 247. ஆறு போட்டிச் சீட்டுக்கு ஹைன்ஸ் என்று பெயர் வைத்ததே அந்த 57-க்காகத்தான், அதே பெயருள்ள கெட்சப் கம்பெனியின் விளம்பர வாசகத்தில் வரும் எண் அது. இந்தக் குறுக்குவழி எல்லாவற்றுக்கும் ஓடும்.

"இப்போதே எடுத்துக்கொள்" என்பது எளிது. சீட்டில் கடைசியாக வரவேண்டிய தொகையை இப்போதைய ஆட்ஸால் வகுக்க வேண்டும். 4.00-ல் 100 கட்டினீர்கள், இப்போது உங்கள் அணி முன்னிலையில் இருக்கிறது, ஆட்ஸ் 1.60 ஆகிவிட்டது. 400 ÷ 1.60 = 250. ஆப் 250 காட்டாது, அதைவிடக் குறைத்துக் காட்டும். ஏற்கெனவே உள்ளே போகும்போது ஒரு தடவை பங்கு எடுத்தார்கள், வெளியே வரும்போது மறுபடியும். ஷீட்டில் இந்தக் கணக்கைப் போட்டு எவ்வளவு குறைக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள், உங்கள் நண்பரிடம் காட்ட உதவும்.

இலவசப் பந்தயம் என்று ஏதாவது சீட்டு வந்தால் அதில் முதல் திரும்பாது. 3.50 ஆட்ஸில் 100 இலவசப் பந்தயம் ஜெயித்தால் 350 இல்லை, 250. ஆசிய ஹேண்டிகேப்பில் (அணியின் கோல் கணக்கில் முன்கூட்டியே கூட்டியோ குறைத்தோ கட்டுவது) 0.25, 0.75 என்று முடிகிற கோடு வந்தால் காசை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். −0.75 என்பது பாதி −0.5-க்கு, பாதி −1-க்கு. 1.90 ஆட்ஸில் 100 கட்டி அணி ஒரே கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் முதல் பாதி 95, இரண்டாவது பாதி கட்டிய 50 அப்படியே திரும்பும், மொத்தம் 145.

---

நடுநிலை:

அந்த 83.18-ஐயும் 63.10-ஐயும் நான் எங்கள் குழுவில் பகிர்ந்துகொள்கிறேன். நன்றி.

---

கூட்டல்கழித்தல்:

அண்ணா, பழைய சீட்டுகள் எல்லாம் ஷீட்டில் ஏற்றினேன். கிட்டத்தட்ட எல்லாமே காசு சுத்தமாக ஒத்துப்போகிறது. ஒன்றே ஒன்று மட்டும் அடம்பிடிக்கிறது. நான்கு டென்னிஸ் ஆட்டம், நான்கும் 1.83, கட்டியது 100, நான்கும் ஜெயித்தது. என் ஷீட் 1121.51 என்கிறது. அவனுக்கு வந்தது 1129.71. குறைவாக வந்திருந்தால் சண்டை போடலாம், 8.20 அதிகமாக அல்லவா வந்திருக்கிறது?

---

சீட்டுக்கணக்கு:

சண்டை வேண்டாம். அது 5/6. உள்ளே பின்னமாக வைத்திருக்கிறார்கள், திரையில் டெசிமலாகக் காட்டும்போது இரண்டு இலக்கத்தோடு வெட்டிவிடுகிறார்கள். 5 ÷ 6 + 1 என்பது 1.8333 என்று முடியாமல் போகும். அதை நான்கு தடவை பெருக்கினால் 11.2971, அதாவது 1129.71. 1.83 என்று வெட்டிய எண்ணைப் பெருக்கினால் உங்கள் 1121.51. ஷீட்டில் அந்தப் பத்தியில் 1.83 என்று தட்டாமல் =1+5/6 என்று போடுங்கள். 10/11 வந்தாலும், 4/6 வந்தாலும், 100/30 வந்தாலும் இதே மாதிரிதான். 1.91, 1.67, 4.33 என்று முடிகிற எண்ணைப் பார்த்தால் பின்னால் பின்னம் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.